ஒரு ஃபைலைத் திறந்து நடராசா ஐயாவைச் சாகடித்தேன்

உயிரோடு இருக்கும் ஒருவரைச் சாகடிப்பதற்கு ஆத்திரமோ பகையோ தேவையில்லை. அரைகுறைப் படிப்பும் அளவுக்கு மீறிய தன்னம்பிக்கையும் இருந்தால் போதும். இருபத்திரண்டாவது வயதில் என்னிடம் இரண்டும் தாராளமாக இருந்தன. கொழும்பு கொட்டாஞ்சேனையில் இரும்புக் கடை வைத்திருந்த திரு. ஆறுமுகம் நடராசா என்பவரை, அவர் முகத்தை நேரில் ஒருமுறைகூடப் பார்க்காமல், வெள்ளவத்தையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தபடியே சாகடித்தேன். (பயப்பட வேண்டாம். அவர் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தார். என்னைவிட நன்றாகச் சாப்பிட்டார்.)

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் மின்வெட்டும் சேர்ந்துகொண்ட காலம். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பாலா அண்ணை என்பவர் வாரம் ஒருமுறை ஒரு விளம்பரத் தாள் வெளியிட்டுக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணப் பக்கம் சாவகச்சேரியில் அச்சகம் வைத்திருந்து, அது குண்டுக்குப் போனபின் குடும்பத்தோடு கொழும்புக்கு வந்தவர். தாளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் யாரும் அதைச் சொல்வதில்லை. 'தாள் வந்திட்டுதோ?' என்றுதான் கேட்பார்கள். பலசரக்குக் கடைகளில் சும்மா கொடுப்பார்கள். வாடகை வீடு, டியூஷன், மணமகள் அலங்காரம் எல்லாம் அதில் இருக்கும். ஆனாலும் சனம் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். அங்கேதான் பிறந்தநாள் வாழ்த்துகளும் மரண அறிவித்தல்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

அதை இன்றைக்கு இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். ஊரில் அடுத்தடுத்த வளவில் இருந்தவர்கள் வெள்ளவத்தையில் அடுத்தடுத்த மாடியில் இருந்தும் ஒருவரை ஒருவர் அறியாமல் இருந்தார்கள். லொட்ஜில் விசாவுக்குக் காத்திருப்பவர் இன்று இருப்பார், நாளை சுவிஸில் இருப்பார். யார் எங்கே இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்பதே அந்தப் பின்பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தப் பக்கத்தைத்தான் பாலா அண்ணை என் கையில் கொடுத்தார்.

நான் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் நடந்த கணினி வகுப்பில் டிப்ளோமா முடித்திருந்தேன். அதோடு நின்றிருந்தால் நடராசா ஐயா பிழைத்திருப்பார். லண்டனில் இருந்த என் அண்ணன் 'பேர்ள்' என்ற ஸ்கிரிப்ட் மொழி பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைப் போட்டோக் கொப்பி எடுத்து அனுப்பிவிட்டான். அதில் ஒரு அத்தியாயம் என்னை மயக்கியது. ஒரு ஃபைலை வெறும் எழுத்துக் குவியலாகப் பார்க்காதே, அதை ஓர் ஆளைப்போல, ஒரு 'ஒப்ஜெக்ட்' ஆகப் பார் என்றது அந்த அத்தியாயம். நீ அதைப் பார்த்து 'திற' என்றால் திறக்கும். 'வாசி' என்றால் ஒரு வரி வாசித்துத் தரும். எந்த வரியில் நிற்கிறது என்பதைத் தானே ஞாபகம் வைத்திருக்கும். 'எழுது' என்றால் எழுதும். 'மூடு' என்றால் மூடிக்கொள்ளும். எங்கள் வீட்டில் நான் சொன்னால் தம்பிகூடக் கேட்கமாட்டான். இப்படிச் சொல்வழி கேட்கும் ஒன்றை நான் அதற்குமுன் கண்டதில்லை.

உடனே பாலா அண்ணையிடம் போய், 'அண்ணை, இனிப் பின்பக்கத்தைக் கையால அடுக்கத் தேவையில்லை. நான் புறோகிராம் எழுதுறன்' என்றேன்.

'பிழை வராதோ?'

'கொம்பியூட்டர் பிழை விடாது அண்ணை.'

(இந்த வசனத்தை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.)

ஒழுங்கு இதுதான். ஒவ்வொரு அறிவித்தலுக்கும் ஒரு ஃபைல். அந்த ஃபைலுக்கு உரியவரின் பெயரையே வைப்பேன். அவருடைய படத்துக்கும் அதே பெயர். வியாழக்கிழமை என் புறோகிராம் அந்த வாரத்து ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்து, படத்தையும் சேர்த்து, பெட்டி கட்டிப் பக்கமாக்கும். ஒரு புத்திசாலித்தனமும் செய்திருந்தேன். அறிவித்தலில் 'காலமானார்' என்ற சொல் எங்கேயாவது இருந்தால், அதுவே கறுப்புக் கரை போட்டுவிடும். இல்லாவிட்டால் பூக்கரை.

முதல் சில வாரங்கள் பிரமாதமாக நடந்தது. பிறகு ஓர் அம்மா புது வீடு குடிபூரலுக்குக் கொடுத்த அறிவித்தலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி வந்தா. நான் ஃபைலைத் திறந்து அந்த வரியை எழுதினேன். முன்பு இருந்தது முழுவதும் போய்விட்டது. ஃபைலை எந்த முறையில் திறக்கிறோம் என்பதற்கு ஓர் எழுத்துக் கொடுக்கவேண்டும். நான் கொடுத்திருந்தது 'டபிள்யூ'. அப்படித் திறந்தால் உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டுத்தான் புதிதாக எழுதும். தாளில் அந்த அம்மாவின் வீடு, நாள், நேரம் ஒன்றுமே வரவில்லை. 'மதிய போசனம் உண்டு' என்ற ஒரு வரி மட்டும் பூக்கரையோடு வந்தது.

பாலா அண்ணை கத்தவில்லை. தாளைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். 'பிள்ளை, சனத்தின்ர எழுத்தை அழிக்கிற வேலை மட்டும் வேண்டாம். எது போனாலும் எழுத்துப் போகக்கூடாது' என்றார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அன்றைக்கே புறோகிராமில் 'டபிள்யூ' இருந்த இடமெல்லாம் 'ஏ' போட்டேன். 'ஏ' போட்டுத் திறந்தால் எதையும் அழிக்காது. பழையதை அப்படியே வைத்துக்கொண்டு அதன் வாலில் புதியதைச் சேர்த்து எழுதும். இனி உலகத்தில் எந்த எழுத்தும் அழியாது என்ற நிம்மதியில் வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுப் புட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்து வந்த வாரங்களில் ஒன்றில், கொட்டாஞ்சேனை நடராசா ஐயாவின் அறுபதாவது பிறந்தநாள் வாழ்த்து வந்தது. கனடாவில் இருந்த பிள்ளைகள் கொடுத்தது. பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக அழகான படம். பூக்கரையோடு நன்றாக வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

அதற்கு அடுத்த வாரம், வெள்ளவத்தையில் மகனோடு இருந்த ஒரு முதியவர் இறந்துபோனார். மகன் வந்து மரண அறிவித்தல் கொடுத்தார். படம் பிறகு தருவதாகச் சொன்னார். முதியவரின் பெயர், நீங்கள் நினைப்பதுபோலவே, ஆறுமுகம் நடராசா.

நான் ஃபைலைத் திறந்து எழுதச் சொன்னேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தது. என் விசுவாசமான ஒப்ஜெக்ட், பழைய வாழ்த்தில் ஓர் எழுத்தைக்கூட அழிக்காமல், அதன் வாலில் மரணத்தைச் சேர்த்து எழுதிவிட்டு மூடிக்கொண்டது.

வழக்கமாகப் பாலா அண்ணை பக்கத்தை முழுவதும் உரத்து வாசித்துப் பார்ப்பார். அன்று மின்சாரம் பிந்தித்தான் வந்தது. திரும்பவும் போவதற்குமுன் பக்கத்தை எடுத்துக்கொண்டு மாளிகாவத்தையில் இருந்த அச்சகத்துக்கு ஓடவேண்டும். மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணிக்கொண்டே, 'பாத்திட்டீரோ?' என்று கேட்டார்.

'பாத்திட்டன் அண்ணை' என்றேன். பார்த்தேன்தான். ஒவ்வொரு பெட்டியிலும் மேல் வரி இருக்கிறதா என்று பார்த்தேன்.

சனிக்கிழமை காலை ரெலிபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

'தாள் ஒஃபீசோ? ஒரு மரண அறிவித்தல் பற்றிக் கதைக்கவேணும்.'

'ஆழ்ந்த அனுதாபங்கள் ஐயா' என்றேன். (அப்படிச் சொல்லித்தான் தொடங்கவேண்டும் என்பது பாலா அண்ணையின் கட்டளை.) 'இறந்தவரின்ர பேரைச் சொல்லுங்கோ.'

'ஆறுமுகம் நடராசா.'

'அது இந்த முறை வந்திட்டுதே ஐயா. நீங்கள் அவருக்கு என்ன முறை?'

அவருக்குப் பின்னால் யாரோ பெரிதாக அழுவது கேட்டது.

'நான்தான் பிள்ளை ஆள்' என்றார்.

தாளை எடுத்து அந்தப் பெட்டியை முதல் தடவையாக முழுவதும் வாசித்தேன். கறுப்புக் கரை. நடுவில் பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டும். கீழே: 'கொட்டாஞ்சேனைப் பிரபல வர்த்தகர் ஆறுமுகம் நடராசா அவர்கள் தமது அறுபதாவது பிறந்தநாளைக் கொண்டாடுகிறார். அன்னாரை மனைவி பரமேஸ்வரி, கனடாவில் வசிக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அனைவரும் பல்லாண்டு வாழ்க என வாழ்த்துகின்றனர். ஆறுமுகம் நடராசா அவர்கள் செவ்வாய்க்கிழமை காலமானார். பூதவுடல் இல்லத்தில் அஞ்சலிக்காக வைக்கப்பட்டு ஞாயிறன்று தகனம் செய்யப்படும். இத்தகவலை உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளவும்.'

பாலா அண்ணை என் தோளுக்கு மேலால் வாசித்தார். வாசித்து முடித்ததும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டார். 'வாரும்' என்றார். அவ்வளவுதான்.

முதலில் வெள்ளவத்தை நடராசாவின் வீட்டுக்குப் போனோம். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மகனிடம் பாலா அண்ணை கையைக் கூப்பினார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். மகன் தாளை வாங்கிப் பார்த்தார். 'எங்கட அப்பா எண்பத்தினாலு வயது வரைக்கும் ஒரு பிறந்தநாளும் கொண்டாடாமல் செத்தவர். பரவாயில்லை, நீங்கள் கொண்டாடிப் போட்டியள்' என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பஸ் எடுத்தோம். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் 'கொஹெத யன்னே?' என்று கேட்டான், எங்கே போகிறீர்கள் என்று. பாலா அண்ணைக்கு வேறு சிங்களம் வாயில் வரவில்லை. 'மள கெதரட்ட' என்றார். செத்த வீட்டுக்கு. சிப்பாய் என் முகத்தைப் பார்த்தான். நான் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தேன். உடனே அட்டையைத் திருப்பித் தந்து, பாவம், முன்னால் ஏறுங்கள் என்று கையைக் காட்டி அனுப்பினான்.

நடராசா ஐயாவின் ஒழுங்கையில் செத்த வீட்டுக்குரிய வெள்ளைக் கொடிகள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களவர் ஏணியில் நின்று அவிழ்ப்பதா கட்டுவதா என்று தெரியாமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் வரிசையாகக் கதிரைகள். வெள்ளை உடுப்போடு சனம். நடுவில், சாரமும் பெனியனுமாக, நடராசா ஐயா இருந்தார். வருபவர்களுக்குச் சோடா கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பரமேஸ்வரி அன்ரி உள்ளே ரெலிபோனில் கனடாவுக்கு, 'அப்பா இருக்கிறார் பிள்ளை, முன்னுக்குத்தான் இருந்து சோடா குடிக்கிறார்' என்று கத்திக்கொண்டிருந்தா.

பாலா அண்ணை நடந்ததைச் சொன்னதும், 'ஆர் கொம்பியூட்டர்காரி?' என்று கேட்டார் ஐயா.

முன்னால் போனேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பயத்தில், செத்த வீட்டில் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன்: பேர்ள் மொழியில் ஃபைல் ஓர் ஒப்ஜெக்ட் என்றும், அதைத் திறக்கும் முறைகள் இன்னின்ன என்றும். அவர் பொறுமையாகக் கேட்டார்.

'அப்ப, மற்ற எழுத்துப் போட்டுத் திறந்திருந்தால்?'

'உங்களை அழிச்சுப்போட்டு அவரை எழுதியிருக்கும் ஐயா.'

'இப்ப?'

'உங்களை வச்சுக்கொண்டு, சாவைக் கடைசியில சேத்திருக்கு.'

ஐயா யோசித்தார். 'கடவுளும் உப்பிடித்தான் எழுதிறவர் பிள்ளை' என்றார். சனம் சிரித்தது. எனக்கும் மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு குஷி வந்துவிட்டது. திருத்தம் எதுவும் உடனே சொல்லவேண்டாம், பின்னேரம்வரை பார்ப்போம் என்றார். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று பார்க்கவேண்டுமாம். 'பம்பலப்பிட்டி மச்சானை இன்னும் காணேல்லை. அவன்ர மகளின்ர கலியாணத்துக்கு நான் எத்தினை ஓட்டம் ஓடினனான்!' என்று பொருமினார். அந்த நேரம் பார்த்து மச்சான் பெரிய மலர் வளையத்தோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். கதிரையில் இருந்தவரைக் கண்டதும் வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அதை அப்படி மறைக்க முடியாது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பரமேஸ்வரி அன்ரி ரெலிபோனை வைத்துவிட்டு வெளியே வந்தா.

'எல்லாருக்கும் சொல்லியாச்சு. பூமணிக்கு ஆர் சொல்லுறது?'

பூமணி ஐயாவின் ஒரே தங்கை. யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்தா. சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. அவ இருந்த பக்கத்துக்கு ரெலிபோன் இல்லை. கடிதம் கப்பலில் போனால் போகும். ஆனால் தாள் போய்விட்டது. லொட்ஜில் தங்கியிருந்த அவர்களுடைய ஊர்க்காரர் ஒருவர், அன்று விடியவே அதைப் பார்த்துவிட்டு, ஐயாவின் வீட்டுக்கு வர நேரமில்லை, தங்கச்சிக்கு நான் போய்ச் சொல்கிறேன் என்று தாள் கொடுத்த கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டிருந்தார்.

ஐயா சோடாப் போத்தலைக் கீழே வைத்தார். 'அவள் தாங்கமாட்டாள்' என்றார்.

கணினியில் ஒரு ஃபைலை அழிப்பதற்கு ஒரு வரி போதும். ஊருக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு தாளைத் திருப்பி எடுப்பதற்கு எந்த மொழியிலும் வரி இல்லை. அதை நான் அன்று அந்தக் கதிரைகளுக்கு நடுவில் நின்றுகொண்டுதான் படித்தேன்.

கடிதம் எழுதினோம். போகிறவர்கள் வருகிறவர்களிடம் சொல்லி விட்டோம். அடுத்த தாளில் ஐயா அன்றைய பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தோடு பெரிய திருத்தம் போட்டோம். ஊரிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. பாலா அண்ணை என்னை வேலையால் நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஒவ்வொரு வியாழனும் பக்கத்தை எனக்குப் பக்கத்தில் இருந்து, முன்னைவிட உரத்து வாசித்தார்.

நடராசா ஐயா எனக்கு ஒரு தண்டனை விதித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குப் போய் அவருக்குக் கணினி பழக்கவேண்டும். பிள்ளைகளுக்கு ஈமெயில் எழுத ஆசை. ஒவ்வொரு முறையும் பாடம் முடிந்ததும், 'மூடினீரோ? வடிவாப் பாத்து மூடும்' என்பார். பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

அப்படி ஒரு ஞாயிறு, நல்ல மழை. கதவில் யாரோ தட்டினார்கள். நான் எழும்புவதற்குள் ஐயாவே போய்த் திறந்தார்.

வெளியே வெள்ளைச் சேலையில் ஒல்லியான ஒரு பெண். நனைந்த பை ஒன்று. காலில் செருப்பில்லை. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்திருந்தா பூமணி. பயண அனுமதிப் பாஸ் எடுத்து, கப்பல் ஏறி, திருகோணமலையில் இறங்கி, அங்கிருந்து ரயிலில். எங்கள் கடிதம் எதுவும் அவவுக்குக் கிடைத்திருக்கவில்லை.

அவ அண்ணனைப் பார்த்தா. பை கையிலிருந்து விழுந்தது. ஐயா 'பூமணி' என்றார். அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எட்டி அவருடைய கன்னத்தில் ஓர் அறை விட்டா.

'தலைமுழுகிப்போட்டன் உனக்கு! எட்டுச் செலவுச் சடங்கும் செய்துபோட்டன்! ஊர் முழுக்கச் சோறு போட்டுப்போட்டு வந்து நிக்கிறன்!'

'எத்தினை வருசமா வா வா எண்டு எழுதினனான்' என்றார் ஐயா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. 'வீட்டை விட்டிட்டு வரமாட்டன், மாட்டை விட்டிட்டு வரமாட்டன் எண்டனி. நான் செத்தாத்தான் வருவியோ?'

'ஓம்' என்றா அவ. பிறகு இரண்டு பேரும் வாசலிலேயே, மழைச் சாரலில், குந்தியிருந்து அழுதார்கள். பரமேஸ்வரி அன்ரி துவாய் எடுத்துக்கொண்டு வந்து யாருடைய தலையைத் துடைப்பது என்று தெரியாமல் நின்றா. நான் கணினியின் திரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

தேத்தண்ணி குடிக்கும்போது பூமணி அன்ரியின் கண் என் மேல் விழுந்தது. 'ஆர் இந்தப் பிள்ளை?'

'என்னைச் சாகடிச்ச பிள்ளை' என்றார் ஐயா.

அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. 'இனி ஆரையும் சாகடிக்கிறதெண்டால் மாரி காலத்தில செய்யாதை பிள்ளை' என்றா. 'கப்பல்ல சத்தி எடுத்து எடுத்து நானும் செத்துப்போயிருப்பன்.'

அவ திரும்பி ஊருக்குப் போகவில்லை. மாட்டைப் பக்கத்து வீட்டுக்காரரே வைத்துக்கொண்டார் என்று பிறகு கடிதம் வந்தது. நான் என் புறோகிராமில், எந்த ஃபைலையும் திறப்பதற்குமுன் அந்தப் பெயரில் ஏற்கெனவே யாராவது இருக்கிறாரா என்று கேட்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். பாலா அண்ணை தாளை நிறுத்தும்வரை அந்த வரி இருந்தது. நான் கலியாணம் கட்டி, பெரிய கம்பனிகளில் வேலை செய்து, எத்தனையோ மொழிகளில் எத்தனையோ ஃபைல்களைத் திறந்து மூடிவிட்டேன். நடராசா ஐயா வீட்டு விசேஷம் ஒன்றையும் தவறவிட்டதில்லை. என் கலியாணத்துக்கு வந்து, மேடையில் என் கணவரின் காதில், 'தம்பி, உம்மட பேரை மட்டும் இவவுக்கு எழுதக் குடுத்திடாதையும்' என்று சொன்னவர் அவர்.

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு காலை பூமணி அன்ரியிடமிருந்து அழைப்பு வந்தது. 'பிள்ளை, அண்ணை போயிட்டார்' என்றா. பிறகு, 'இந்த முறை உண்மையாத்தான்' என்றா.

கொட்டாஞ்சேனைக்குப் போனபோது வாசலில் கதிரைகள் பாதிக்குமேல் காலியாகக் கிடந்தன. எனக்குச் சங்கடமாக இருந்தது. எவ்வளவு சனத்தைத் தெரிந்த மனிதர்! அப்போதுதான் என் கைத்தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. பம்பலப்பிட்டி மச்சான். பழைய லொட்ஜ்காரர். கனடாவில் இருந்து யாரோ. எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இது உண்மையான சாவா, கொம்பியூட்டர் சாவா? அத்தனை பேருக்கும் நானே உறுதிப்படுத்தினேன். பின்னேரம் ஒழுங்கை நிரம்பிவிட்டது. மச்சான் மலர் வளையத்தை இந்த முறை முன்னால் பிடித்துக்கொண்டு வந்தார்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பூமணி அன்ரி இருந்தா. கனடாவிலிருந்து வந்து இறங்கிய பேரப்பிள்ளைகள் அவவைச் சுற்றி நின்றார்கள். என்னைக் கண்டதும் அழுகையை நிறுத்தி, கையைப் பிடித்து இழுத்து அவர்கள் முன்னால் விட்டா.

'இவதான்' என்றா. 'உங்கட தாத்தாவை முதல்தரம் சாகடிச்சவ.'

செத்த வீடு முழுவதும் சிரித்தது.